திங்கட்கிழமைக் காய்ச்சல்

இன்று காலை கொழும்பு கிராண்ட்பாஸ் ட்ராமில் ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். "டொக்டர், என்னைத் தெரியேல்லையோ? சூசை."

தெரியாமல் இருக்குமா? துறைமுகப் பட்டறையில் வேலை செய்கிறவர். நான்கு முறை காய்ச்சலும் நடுக்கமுமாக எங்கள் வார்ட்டுக்கு வந்தார். நான்கு முறையும் மலேரியா என்று கொயினா கொடுத்தவன் நான்தான். மறுநாளே காய்ச்சல் இறங்கிவிடும். மருந்து வேலை செய்ததாக நினைத்துக்கொள்வேன். அவருக்கோ கொயினா தந்த காது இரைச்சல்தான் மிச்சம். இனியும் படுத்தால் வேலை இல்லை என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள்.

ஐந்தாம் முறை வந்தபோது நர்ஸ் மேரி அவருடைய பழைய அட்டைகளை எடுத்துப் பார்த்தார். "டொக்டர், இவர் எல்லாத் தரமும் திங்கக்கிழமைதான் வந்திருக்கிறார்," என்றார். பிறகு அவரிடமே கேட்டார்: "அண்ணை, என்ன வேலை செய்யிறியள்?"

"பித்தளை உருக்கிறனான், மிஸ்ஸி. ஒரே புகை."

என்ன வேலை என்று நான் அவரிடம் கேட்டதே இல்லை. வாரம் முழுக்கப் புகைக்குப் பழகிய உடம்பு, ஞாயிறு ஓய்வில் அந்தப் பழக்கத்தை இழந்து, திங்களன்று காய்ச்சலில் விழுந்து, மறுநாள் தானாகவே தேறியிருக்கிறது; மலேரியாவே இல்லை.

புகை வெளியேற வழி செய்யுமாறு பட்டறைக்குக் கடிதம் எழுதினேன். வார்ட் அட்டையில் 'தொழில்' என்று ஒரு வரி சேர்த்தோம்.

"புகை போகப் பெரிய யன்னல் வெட்டினவை, டொக்டர். இப்ப எனக்கும் காச்சல் இல்லை, மற்ற ஆக்களுக்கும் இல்லை," என்றார் சூசை இன்று ட்ராமில்.

வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

உங்களிடம் எந்த டொக்டராவது என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டதுண்டா? மகளுக்கு மாப்பிள்ளை தேடிக் கேட்டவர்களைச் சேர்க்க வேண்டாம்.