பேசாத துறவிகளிடம் ஒரு நேர்த்தி

என் மகளுக்கு மூன்று வயது நெருங்கியும் ஒரு சொல் வரவில்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இது ஒரு வீட்டு விடயம் அல்ல, பொது விடயம். பிறந்தநாள் விழா, செத்தவீட்டு அந்தியேட்டி, தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிற வரிசை, எங்கே போனாலும் யாராவது குனிந்து, "உங்கட பேர் என்ன, குஞ்சு?" என்று அவளிடம் கேட்பார்கள். அவள் சிரிப்பாள். அவர்கள் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள்.

ஆலோசனைகளுக்குக் குறைவில்லை. வீட்டில் தமிழ் மட்டும் கதையுங்கள் என்றார் ஒருவர், கதைத்தேன். இரண்டு மொழி கேட்டுப் பிள்ளை குழம்பிவிட்டது, இங்கிலீஷ் மட்டும் கதையுங்கள் என்றார் இன்னொருவர், அதையும் செய்தேன். "தகப்பனும் அஞ்சு வயசு வரைக்கும் கதைக்கேல்லை, இப்ப பாரும்" என்பார் கணவரின் தாயான மாமி. என் கணவர் இப்போதும் பெரிதாகக் கதைப்பதில்லை என்பதை நான் சொல்வதில்லை.

நல்ல பிள்ளை என்ற பெயர் மட்டும் அவளுக்கு இருந்தது. மாமி செத்தல் மிளகாய் பொரிக்கும் நாட்களில் எங்கள் வீட்டுப் புகை அலாரம் தெருவே கேட்க அலறும். நாங்கள் புகையை விரட்டத் துவாயை விசுக்கிக்கொண்டு ஓடுவோம். மகள் சோபாவில் நிம்மதியாகத் தூங்குவாள். இதை மற்றத் தாய்மாரிடம் நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் பொறாமைப்பட்டார்கள்.

குடும்ப மருத்துவர், காது கேட்கிறதா என்று கேட்டார். பிறந்த உடனே ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள், பாஸ் என்றேன். எங்கள் குடும்பத்தில் ஒருமுறை பாஸ் என்றால் பாஸ்தான். பாஸான பரீட்சையை யாரும் திரும்ப எழுதுவதில்லை. அவர் பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பினார். நீண்ட காத்திருப்புக்குப் பிறகு ஒரு திகதி வந்தது. மாமிக்கு அது பிடிக்கவில்லை.

"அங்க கொண்டுபோனா பிள்ளைக்கு ஒரு பேர் வைச்சுவிடுவாங்கள். பிறகு அந்தப் பேர் கலியாணம் வரைக்கும் பின்னால வரும்."

அந்த நேரத்தில்தான், பக்கத்து ஊரான விட்பியிலிருந்து மாமியின் சிநேகிதி விட்பி அன்ரி வந்து சேர்ந்தார். அவர் மட்டக்களப்பு, சைவம். மாமி யாழ்ப்பாணத் தீவகத்துக் கத்தோலிக்கர். சாமி விடயத்தில் ஒருவர் மற்றவருடையதைத் தாராளமாக எடுத்துக்கொள்வார்கள். அன்ரி பஸ்ஸில் ஐரோப்பா சுற்றியபோது இத்தாலியில் ஒரு மலையுச்சி மடத்துக்குப் போயிருக்கிறார். அங்கே பேச்சு வராத பிள்ளை தன் கையால் மணிக்கயிற்றை இழுத்தால் நாக்குத் திறக்குமாம். அன்ரியின் பேரன் இழுத்தான். மலையிலிருந்து இறங்கும்போதே "ஜூஸ்" என்று கேட்டான். அவன் அதற்கு முன்பும் இங்கிலீஷில் நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்தவன், தமிழ்தான் வரவில்லை என்று எனக்குப் பிறகு தெரியவந்தது. அதற்குள், பேத்தியை அங்கே கூட்டிப்போவதாக மாமி நேர்த்தி வைத்துவிட்டார்.

நான் ஒரு நிபந்தனை போட்டேன். வாழ்க்கையில் நான் போட்ட முதல் நிபந்தனை அது. நேர்த்தி முடிந்தும் பிள்ளை கதைக்காவிட்டால், பயிற்சியாளரிடம் போவதை யாரும் தடுக்கக்கூடாது.

"ஓம். ஆனா கதைச்சாள் எண்டா அந்தத் திகதியை விட்டுடவேணும்" என்றார் மாமி.

ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டது சரியா என்று விமானம் ஏறும்வரை யோசித்தேன்.

மடத்து விருந்தினர் விடுதியை இணையத்தில் பதிவு செய்த பிறகுதான் விதிகளைப் படித்தேன். அது மௌன மடம். கோயில், உள்முற்றம், சாப்பாட்டு அறை எங்கேயும் பேசக்கூடாது. நான் மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பினேன்: என் பிள்ளை பேசமாட்டாள், ஆனால் கத்துவாள், அது பரவாயில்லையா, பரவாயில்லை என்றால் எவ்வளவு கத்தலாம், இல்லாவிட்டால் நாங்கள் வராமல் விடலாமா. "இங்கே குளிரும், தடித்த சொக்ஸ் கொண்டுவாருங்கள்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அது சம்மதமா மறுப்பா என்று கணவரிடம் கேட்டேன். "சொக்ஸ் எண்டு போட்டிருக்கு" என்றார்.

உரோமில் வாடகைக்கு எடுத்த கார் பாதி மலையில் வழியைத் தொலைத்தது. பிறகு ஒலிவ் மரங்களும் கற்களும்தான். ஆட்டு மந்தை ஒன்று வழிவிட்டதும், மடம் கூரைகளும் கல்லுமாக உச்சியில் தெரிந்தது.

"அம்மா, கதைக்காத ஆக்களிட்டயோ இவளைக் கதைக்கப் பண்ண வந்தனீங்கள்?" என்று கணவர் கேட்டார். அந்தப் பயணத்தில் அவர் சொன்ன மிக நீளமான வாக்கியம்.

"நீ றோட்டைப் பாத்துக் காரை ஓட்டு."

எங்களைத் தவிர அங்கே இருந்தவர்கள் அமைதியைத் தேடி வந்தவர்கள். மெல்லிய கம்பளிச் சால்வையும், யாரோ இறந்துபோன முகமுமாக நடந்தார்கள். எங்கள் பிள்ளை ஓடி வருவதைக் கண்டு ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவரிடம் கையைக் கூப்பினேன். அதைத் தியானம் என்று நினைத்து அவரும் கூப்பினார்.

மகள் ஒரு தொந்தரவும் செய்யவில்லை. விதியை மீறியது மாமிதான். மாமி குசுகுசுப்பது மற்றவர்கள் கதைப்பதை விடச் சத்தம். சூப்பைச் சுவைத்துவிட்டு, "உப்பில்லை பிள்ளை" என்றார்; சாப்பாட்டு அறை முழுவதும் திரும்பியது. பிறகு கைப்பையிலிருந்து, மிளகாய் இடித்த கட்டாச்சம்பல் போத்தலை எடுத்தார். நான் மேசைக்கடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். எதிர்வரிசையிலிருந்த ஒரு வயதான துறவி, முகத்தில் எந்த அசைவும் இல்லாமல், தன் கிண்ணத்தை எங்கள் பக்கம் நீட்டினார்.

அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் ஓய்ந்திருந்த நேரம் கோயிலுக்குப் போனோம். பின்பக்கத்தில் மேலேயிருந்து கயிறு தொங்கியது. யாரிடமாவது அனுமதி கேட்கவேண்டும் என்றேன்.

"ஆரிட்டக் கேக்கிறது? அவங்கள்தான் வாய் திறக்கமாட்டாங்களே."

மகளின் கைகளைக் கயிற்றில் வைத்து, "இழு குஞ்சு" என்றார் மாமி. அவள் தொங்கினாள், கயிறு அசையவில்லை. மாமி அவளுடைய கைகளுக்கு மேலே பிடித்து, பல வருடங்களாக ஃபாக்டரியில் பெட்டி தூக்கிய தோளால் ஒரு இழுவை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு இழுவை. மேலே மணி அடித்தது. திரும்பி எழுந்த கயிறு மாமியை நுனிக்காலில் நிறுத்தியது. "யேசுவே!" என்று கயிற்றை விட்டுவிட்டுக் காதைப் பொத்தினார். நானும் பொத்தினேன். கணவரும் பொத்தினார். புறாக்கள் கூரையை விட்டுக் கிளம்பின.

மகள் பொத்தவில்லை. சுவரில் கையை வைத்தபடி, ஆடுகிற கயிற்றையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். பிறகு கன்னத்தைச் சுவரோடு சேர்த்து, "ஆ" என்றாள்.

கதவுகள் திறந்தன. சேறு பூசிய பூட்ஸோடு ஒருவர், மாவுக் கையோடு ஒருவர், தூக்கக் கண்ணோடு சிலர், எல்லாத் துறவிகளும் வந்தார்கள். அந்த மடத்தில் மணி அடித்தால் செபத்துக்கு வருவது வழக்கம். ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்தார்கள். பிறகு உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து பாட ஆரம்பித்தார்கள். நான் மூன்று மொழியில் மன்னிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு தூணோரம் நின்றேன்.

"கேட்டியே பிள்ளை? மணி எண்டு சொல்லிப்போட்டாள்!" என்றார் மாமி, பாட்டையும் மீறி. அப்படியே தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் முற்றத்துக்கு ஓடினார்.

விருந்தினரைக் கவனிக்கும் துறவிக்கு மட்டும் தேவையானபோது பேச அனுமதி உண்டு. செபம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். நான் தொடங்குவதற்குள் இங்கிலீஷில் சொன்னார்: "மணி அடித்தது, வந்தோம். ஒரே பிரச்சினை, எங்கள் மூத்த சகோதரர் பின்னேரமாகிவிட்டது என்று நினைக்கிறார். இரவுச் சாப்பாடு கேட்கிறார்."

இரவுச் சாப்பாடு சரியான நேரத்தில் ஒரு கைமணியோடு தொடங்கியது. அந்தத் துறவி என் மகளின் கதிரைக்குப் பின்னால் நின்று அதை ஆட்டினார். எல்லோரும் தலை குனிந்தார்கள். அவள் பாண் ரொட்டித் துணுக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. சால்வைப் பெண் என்னைப் பார்த்து, எவ்வளவு அமைதியான பிள்ளை என்பதுபோல் நெஞ்சில் கை வைத்தார். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். புகை அலாரமும் சோபாவும் கண்முன் வந்தன.

அதற்குள் ரொறன்ரோ முழுவதும் விழாக் கொண்டாடியது. விட்பி அன்ரி சொல்லி, ரூஜ், ஸ்ரௌவ்வில் என்று சுற்றியுள்ள எல்லா இடத்திலிருந்தும் வாட்ஸப்பில் பூக்கள் வந்தன. எந்த விமானம், எங்கே மாறவேண்டும் என்று விசாரித்தார்கள். அந்த மணி பன்னிரண்டாம் வகுப்பு மார்க்ஸுக்கும் வேலை செய்யுமா என்று ஒருவர் கேட்டிருந்தார்.

"அப்ப அந்த அப்பொயின்ற்மெண்டை விடுவமே?" என்றார் கணவர். "நீர்தானே ஒப்புக்கொண்டனீர்."

அவள் உண்மையில் மணி என்றுதான் சொன்னாளோ? முதற்சொல் அம்மா என்று இல்லாததால் எனக்குத்தான் எரிச்சலோ? இவ்வளவு பேர் சந்தோஷப்படும்போது நான் ஒருத்தி மட்டும் ஏன்? வழக்கம்போல எல்லாவற்றையும் யோசித்தேன். அடுத்த நாள் காலை முற்றத்தில் மாமிக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். மகள் சற்றுத் தள்ளி, பழைய பலகை மேடையில் கல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமி, மணி அடிக்கேக்க நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"காதைப் பொத்தினன். வேற என்ன செய்யிறது?"

"அவள்?"

மாமி பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து பிள்ளையின் பின்னால் போய் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மாமி எங்கள் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் மூன்றாம் வீட்டு நாய் குரைக்கும். இரண்டாம் தரமும் கூப்பிட்டார். பள்ளத்தாக்கு அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னது. விடுதியில் யன்னல்கள் திறந்தன. மகள் கல்லின்மேல் கல்லை வைத்தாள்.

மாமி காலால் பலகையை ஓங்கி உதைத்தார். பலகை அதிர, மகள் உடனே திரும்பி, அப்பம்மாவைக் கண்டு சிரித்தாள்.

அந்த மடத்தின் மௌன விதிக்கு மாமி முதன்முதலாகப் பணிந்தது அப்போதுதான். பிறகு தொலைபேசியை மகனிடம் நீட்டினார்.

"டொக்ரருக்கு ஃபோன் அடி. காது பாக்கிற இடம் முதல் வேணுமெண்டு சொல்லு. திகதியைக் கெதியாத் தரச் சொல்லு. விட்பிக்கு நான் சொல்லுறன்."

மடத்தின் பெரிய மணியை அவள் சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோலக் கேட்டிருப்பாள், மெல்லிய குரல்களும் கூரான சத்தங்களும் கேட்டிருக்காது என்றார், நாங்கள் ஊர் திரும்பிய பிறகு அவள் காதைச் சோதித்த பெண். பிறந்தபோது பாஸான காது பிறகு குறையலாம், அது யாருடைய பிழையும் அல்ல என்றார். நான் அதை நம்புவதற்கு இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

விட்பியில் கதை வேறு மாதிரிப் போகிறது. மணிதான் நோயைக் காட்டிக்கொடுத்தது, நேர்த்தி பலித்தது என்கிறார் மாமி. அந்த மடத்துக்குப் போக இரண்டு குடும்பங்கள் விமான ரிக்கற் போட்டுவிட்டன. அந்தத் துறவிகளை நினைத்து, இந்த முறை மன்னிப்பை முன்கூட்டியே அனுப்பினேன். வருகிறவர்களிடம் சம்பல் கொடுத்துவிட முடியுமா என்று பதில் வந்தது.

ஊதா நிறக் காதுக் கருவிகள் மாட்டிய முதல் கிழமை, மாமி செத்தல் மிளகாய் பொரித்தார். அலாரம் அலறியது. சோபாவில் விளையாடிக்கொண்டிருந்த மகள் துள்ளி எழுந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, வீடு அதிரக் கதறி அழுதாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். கணவர் கதவடியில் சிலையாக நின்றார். மாமி அலாரத்துக்குக் கீழே கையில் துவாயோடு, அதை விசுக்காமல் நின்றார். புகையால் மட்டும் வராத தண்ணீர் அவர் கண்ணில்.

"மாமி, நிப்பாட்டுங்கோ. பிள்ளை பயப்படுறாள்."

"பொறு பிள்ளை," என்றார் மாமி. "கொஞ்சம் கேக்கட்டும்."