திறந்து வைத்த மூடிகள்

கீழப்பாவூர்க்காரி அனுசியாவுக்குச் சொந்தபந்தம் வைத்த பெயர் 'வாயு மேடம்'. குப்பைமேட்டுக்கு அடியில் என்ன காற்று ஊறுகிறது என்று அளப்பதுதான் அவள் வேலை. கல்யாண வீட்டில் யாராவது வயிற்றைத் தடவிக்கொண்டே வந்து, "ஏட்டி, இதையும் உன் மெஷின்ல அளந்து சொல்லேன்" என்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வேலையில் மட்டும் விளையாட்டே கிடையாது.

தென்காசிக்கு வெளியே மண் போட்டு மூடிய பழைய குப்பைமேடு ஒன்று. அதன் ஓரமாக மண்ணுக்குள் குழாய்கள் இறக்கி, தலையில் இறுக்கமாக மூடி போட்டிருக்கும். மூடியில் சின்னத் திருகு வால்வு. அதில் ரப்பர் டியூப்பை மாட்டி மீட்டரை ஓட்டினால், உள்ளே அடைந்து கிடக்கும் காற்றில் மீத்தேன் எவ்வளவு என்று காட்டிவிடும். மாதாமாதம் வருவாள். ஒவ்வொரு தடவையும் ஒன்றுமில்லை என்றுதான் காட்டியது. இத்தனை பெரிய மேட்டில் ஒன்றுமே இல்லையா என்று ஆரம்பத்தில் மனசு உறுத்தியது. மீட்டரைச் சரிபார்த்தாள். அதில் ஒரு குறையும் இல்லை. அதோடு விட்டுவிட்டாள்.

குப்பைமேட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் வீடு கட்டலாமா என்று தங்கபுஷ்பம் கேட்டபோது, அதை நம்பித்தான் பதில் சொன்னாள். காலேஜ் பஸ்ஸில் இவளுக்குத் தினமும் இடம் பிடித்து வைத்த அக்கா அவள்.

"தாராளமா கட்டுங்கக்கா. ஒரு பயமும் இல்ல."

அந்த வீட்டுக்கு இன்று பால்காய்ப்பு. வைகாசியின் கடைசி முகூர்த்தம், விட்டால் ஆவணிதான். சாரல் வேறு இந்த வருஷம் முந்திக்கொண்டது. வேலையை முடித்துவிட்டு அப்படியே விசேஷத்துக்குப் போய்விடலாம் என்று, பட்டுச்சேலைக்கு மேல் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்துவிட்டாள் அனுசியா. வாட்ச்மேன் வல்லிநாயகம் கையில் ஸ்பேனரோடு நின்றார். நாலைந்து குழாய்கள் மூடியில்லாமல் வாயைப் பிளந்து கிடந்தன.

"என்ன அண்ணாச்சி பண்ணுதீங்க?"

"எப்பவும் பண்ணுததுதான் மேடம். நாத்தம் கொடலைப் புடுங்குதுல்லா? நீங்க வார அன்னைக்கு, நாத்தம் வெளிய போகட்டும்னு விடியவே தொறந்து விட்டுருவேன். வண்டிச் சத்தம் கேட்டதும் மூடிருவேன். உங்களுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதே!"

பெருமையோடு சிரித்தார். நல்ல மனுஷன். மூடியைத் திறந்ததும் உள்ளே அடைந்த காற்று வெளியேறி, வெளிக்காற்று நிரம்பியிருக்கும். இத்தனை மாதமும் அவள் அளந்தது மண்ணுக்குள் இருந்த காற்றை அல்ல, தென்காசியின் காலைக் காற்றை.

மதிலோரம் இரண்டு குழாய்களை அவர் இன்னும் தொடவில்லை. அதில் ஒன்றில் டியூப்பை மாட்டினாள். மீட்டரில் எண் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. சாரலில் மேல்மண் நனைந்து இறுகிவிட்டால் அடியிலிருக்கும் காற்று மேலே வர வழியில்லாமல் பக்கவாட்டில் நகரும். பக்கத்தில் இருப்பது அந்த வீடு. சாரலுக்குப் பயந்து கதவு ஜன்னலெல்லாம் சாத்தியிருப்பார்கள். உள்ளே அடுப்புப் பற்றவைக்கப் போகிறார்கள்.

போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது; விசேஷ வீட்டில் யார் எடுப்பார்கள்? "தொறந்ததை எல்லாம் மூடுங்க, இனிமே தொடாதீங்க!" என்று கத்திவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மீட்டரோடு ஓடினாள். சேறு வழுக்கியது. தெருமுனை திரும்பும்வரை காதில் ஒரு வெடிச்சத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டே ஓடினாள். கடவுளே, கடவுளே என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

அடுப்படியில் மூன்று செங்கலைக் கூட்டி, புதுப்பானையில் பால் ஊற்றி, நல்ல நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். விளக்கில் திரி போட்டிருந்தது. தங்கபுஷ்பத்தின் கையில் தீப்பெட்டி.

"அக்கா, கொளுத்தாதீங்க! யாரும் சுவிட்சைத் தொடாதீங்க, எல்லாரும் வெளிய வாங்க!"

"என்ன இது, அபசகுனமா?" என்று எழுந்தான் தங்கபுஷ்பத்தின் கணவன் நாகராஜன். பட்டாளத்துக்காரன். அனுசியா அவனைத் தாண்டி அடுப்படிக்குள் போனாள். தண்ணீர்க் குழாய் தரையைத் துளைத்து வரும் இடைவெளியில் மீட்டரை நீட்டினாள். அது வீறிட்டது. தங்கபுஷ்பம் தீப்பெட்டியை மெதுவாக மடியில் செருகிக்கொண்டு, தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

தெருவைத் தாண்டி எதிர்மனையில் செங்கலைக் கூட்டி, குடைக்கு அடியில் பால் காய்ச்சினார்கள். நனைந்த ஓலை புகைந்தது. பால் பொங்கியபோது குலவைச் சத்தம் சரியாக எழவில்லை.

"நீதானடி பயமில்லன்னு சொன்ன?" என்றாள் தங்கபுஷ்பம்.

"நான்தான்க்கா சொன்னேன். தப்பா அளந்துட்டேன்."

தங்கபுஷ்பம் பால்பானையை இறக்கி வைத்தாள். பிறகு போய் வீட்டைப் பூட்டினாள். மஞ்சள் தடவிய சாவியை அனுசியாவிடம் நீட்டினாள்.

"இனிமேயும் நீதான் அளந்து சொல்லணும். நீ சொல்லுத அன்னைக்குக் குடிவாரோம்."

அதை வாங்க அனுசியாவுக்குக் கை வரவில்லை. பயந்துகொண்டேதான் வாங்கினாள். மழைக்கோட்டுப் பைக்குள் பத்திரப்படுத்திவிட்டு மறுபடியும் குப்பைமேட்டைப் பார்த்து நடந்தாள். வல்லிநாயகம் மூடிகளை இறுக்கமாகத்தான் மூடினாரா என்று பார்க்க வேண்டும்.