குமுதா கொன்ற பைலட்

“கிள்ளான்ல ஒரு பொம்பள கதை சொல்லியே ஒரு ஆள சாவடிச்சிட்டாளாம்.”

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கீழ்த்தளத்து மாரியாயி ஆன்டி இப்படிச் சொன்னார். அவருக்கு அவருடைய நாத்தனார் சொன்னதாம். நாத்தனாருக்கு யாரோ டயாலிசிஸ் நிலையத்தில் சொன்னதாம். “எதுக்கும் அந்தப் பக்கம் போய் மாட்டிக்காதீங்க தம்பி, நீங்க வெளியூரு ஆளு” என்றும் சேர்த்துக்கொண்டார். வேலை விசாவில் வாழ்கிறவனுக்கு எந்த எச்சரிக்கையும் லேசாகக் காதில் விழுவதில்லை. ஆனால் அந்தப் பெண் குமுதா என்பது எனக்குத் தெரியும். அந்த மனிதர் செத்ததாக உறுதியான சேதி எதுவும் இல்லை என்பதும் தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை என்பதுதான் அன்றைய நிலை.

குமுதாவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கிள்ளானுக்குப் பக்கத்து மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்ப்பது அவர் வேலை. ரப்பர் கையுறைக்குள் தண்ணீரை நிரப்பி, கம்பியில் தொங்கவிட்டு, எங்காவது சொட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும். வெளிச்சத்தில் வரிசை வரிசையாகப் பருத்த கைகள் தொங்கிக்கொண்டிருக்கும். “மத்தவங்க அந்த வேலையில தூங்கிருவாங்க தம்பி. எனக்கு ஒரு நாளு அந்தக் கைங்க எல்லாம் சேந்து டாட்டா காட்டுன மாதிரி இருந்துச்சு. யாரு கைங்க இது, எந்த ஊருக்குப் போறாங்கன்னு யோசிச்சேன். அப்படித்தான் மொத கதை வந்துச்சு.” இதைச் சொல்லும்போது சிரிக்கமாட்டார். அவர் கதைகளை எழுதுவதும் இல்லை. வேலை முடியும்வரை தலைக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்படியே வாயால் சொல்வதுதான் வழக்கம்.

கேட்க ஆள் வேண்டுமே என்று அவர் சேர்த்த கூட்டம்தான் ‘ஒளியாண்டு வட்டம்’. கிள்ளானில் ஒரு சைக்கிள் கடையின் மாடி அறையில் மாதம் ஒரு ஞாயிறு கூடுவார்கள். அறிவியல் புனைகதை என்றால் உயிரை விடுகிற பத்துப் பதினைந்து பேர். கைப்பேசி பழுது பார்க்கும் வாசு, ஒரு பள்ளி ஆசிரியை, துறைமுகத்து எழுத்தர்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்த என்னைப் போன்ற ஒன்றிரண்டு பேர். பூமியில் இல்லாத நிறத்தில்தான் சாப்பாடு கொண்டுவர வேண்டும் என்பது வட்டத்தின் விதி. குமுதா சங்குப்பூவில் ஊறவைத்து நீல இடியாப்பம் பிழிந்து வருவார். வாசு கடையில் வாங்கிய மீ கோரேங் வறுத்த நூடுல்ஸை நீட்டி, “செவ்வாய்க் கிரகத்து மண்ணு, அக்கா. செவப்பாத்தானே இருக்கு?” என்பான். “சோம்பேறிக் கிரகத்து மண்ணு” என்பார் குமுதா.

ஆனால் வெறும் பேச்சுக்கூட்டம் அல்ல அது. வெள்ளம் வடிந்த வீடுகளில் சேறு வாரப் போவார்கள். கார் கண்ணாடிக்கு வெயில் மறைக்கும் வெள்ளித் தாளை வெட்டித் தைத்த விண்வெளி உடுப்போடுதான் போவார்கள். எல்லாம் நனைந்துபோய் வாசலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கும். ரத்த தானத்துக்கும் அதே உடுப்பு. “ஆளுங்க நம்மளப் பாத்து ‘பைத்தியம்’னு சொல்லணும். சொல்லிட்டு, பின்னாடியே வரிசையில நிக்கணும்” என்பது குமுதாவின் கொள்கை.

கதை விஷயத்தில் மட்டும் விளையாட்டே கிடையாது. செத்த பாத்திரம் திரும்பி வரக்கூடாது என்பதில் அவர் இரும்பு. ஆசிரியை ஒருமுறை தன் கதாநாயகனை மூன்றாம் நாள் எழுப்பிக் கொண்டுவந்தபோது, குமுதா பாதியிலேயே கையை உயர்த்தி நிறுத்தினார். “செத்தவன் செத்தவன்தான் லா, டீச்சர். திரும்ப வந்தான்னா அது கதையில்ல, ஏமாத்து.”

சனிக்கிழமை காலைகளில் அவர் ஒரு தர்ம டயாலிசிஸ் நிலையத்துக்குப் போவார். வாரம் மூன்று முறை வந்து, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கும் நோயாளிகளுக்குத் தொடர்கதை சொல்வார். தாதி மலர்விழி விண்வெளி உடுப்பில் மேலங்கிக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தார். கதையில் அந்த அறைதான் விண்கலம், நோயாளிகள்தான் குழுவினர். ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது அல்லவா? அதையே கதையின் சட்டமாக்கினார். கலத்தில் எல்லோருக்கும் ஒரு கைதான் வேலை செய்யும். மற்ற கை இயந்திரத்தோடு இணைந்திருக்கும். அந்தக் கைகளின் வழியாகத்தான் கலத்துக்கு உயிர் ஓடும். இயந்திரம் கீச்சிட்டால், கேப்டன் வீரம்மா படுத்த வாக்கிலேயே “யாரு லா எரிகல்ல கவனிக்காம தூங்குறது?” என்று அதட்டுவார். எழுபது வயதில் கிடைத்த பதவி.

பைலட் நாகையா. துறைமுகத்திலிருந்து வடக்கே பெரிய லோரி ஓட்டியவர். சர்க்கரை நோயில் ஒரு பாதம் போயிற்று. “காலு இல்லாட்டி என்ன புள்ள? ஆகாயத்துல பிரேக்கு எதுக்கு?” என்பார். எந்தக் கோளைச் சொன்னாலும் “அந்த ரூட்ல டோல் இருக்கா?” என்று கேட்பார். கதையில் சமையல்காரன் இறந்தபோது வீரம்மா அவனைப் பிழைக்க வைக்கச் சொல்லிக் கெஞ்சினார். குமுதா முடியாது என்றார். “சரிதான்” என்று அவருக்குத் துணை நின்றவர் நாகையாதான். “லோரி கவுந்தா கவுந்ததுதான். நம்ம பேச்சக் கேட்டு எந்திரிக்குமா?”

ஒரு சனிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். கலம் ஒரு சூரியனின் பிடியில் மாட்டிக்கொண்டது. மற்றவர்கள் சிறு ஓடத்தில் தப்ப வேண்டுமானால் ஒருவர் மட்டும் சுக்கானைப் பிடித்துக்கொண்டு பின்தங்க வேண்டும். குமுதா நாகையாவின் கரகரத்த குரலிலேயே சொன்னார்: “நீங்க எல்லாம் எறங்குங்க. வண்டிய நான் பாத்துக்கறேன்.” பிறகு வெளிச்சம், அமைதி. வீரம்மா ஊசி ஏறாத கையால் கண்ணைத் துடைத்தார். நாகையா நாற்காலியின் கைப்பிடியை இரண்டு முறை தட்டினார். “நல்ல சாவு குடுத்த, புள்ள” என்றார்.

திரும்பும்போது குமுதாவின் முகம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. எங்களைப் போன்ற ரசிகர்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. பின்தங்கி நின்று மற்றவரைக் காப்பாற்றுகிறவன்தான் எங்களுக்கு வீரன். “மொத நாள்லேருந்து அவருக்குன்னு வெச்சிருந்தேன் தம்பி, அந்த முடிவ” என்றார். நோயாளிகள் இருக்கும் அறை என்பதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நாகையா சிகிச்சைக்கு வரவில்லை. வியாழனும் வரவில்லை. மலர்விழி கூப்பிட்டபோது அவருடைய மகள்தான் பேசினாராம். அப்பா சொல்லச் சொன்னதை அப்படியே சொன்னாராம்: “பைலட்டு வேலை முடிஞ்சிருச்சு. அந்த எடத்த, காத்துக்கிட்டிருக்கிற வேற யாருக்காச்சும் குடுத்துருங்க.”

சனிக்கிழமை குமுதா வெள்ளி அங்கியோடு வந்தபோது அந்த நாற்காலி காலியாக இருந்தது. மலர்விழி அவரைத் தனியே அழைத்துப்போனார். “ஒரு தடவ விட்டாக்கூட தாங்கும் அக்கா. ரெண்டு மூணு விட்டா தண்ணி நெஞ்சுக்கு ஏறிரும். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க.” குமுதா அங்கியைக் கழற்றிச் சுருட்டினார். அன்று கதை இல்லை. நேரே நாகையாவின் வீட்டுக்குப் போனார். கேட் பூட்டியிருந்தது. மகள் அவரை ரவாங் என்ற ஊரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். வீடு எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. மகளும் இப்போது கைப்பேசியை எடுப்பதில்லை என்று மலர்விழி சொன்னார்.

மறுநாள் ஞாயிறு, வட்டம் கூடும் நாள். கொண்டுவந்த சாப்பாட்டை யாரும் திறக்கவில்லை.

“அக்கா, பைலட்ட காப்பாத்திருங்க” என்றான் வாசு. “சூரியனுக்குப் பின்னால ஒரு கோளு. அங்க போய் எறங்கிட்டாரு. அவ்ளோதானே, என்ன சூசா, என்ன கஷ்டம்?”

“நம்பமாட்டாரு லா.”

“ரூலா முக்கியம் இப்ப?”

“ரூலுக்காகச் சொல்றேனா நான்?” குமுதாவின் குரல் உயர்ந்து, உடனே தாழ்ந்தது. “நூறு தடவ வேணும்னாலும் மாத்திருவேன். செத்தவன் வரமாட்டான்னு அவரு முன்னாடி உக்காந்து பாடம் எடுத்தது யாரு? இப்ப எழுப்பினா, கெழவன் பாவம்னு பொய் சொல்றேன்னு அவருக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் சுத்தமா வரமாட்டாரு.”

ஆசிரியை மெல்ல, “கதையினாலதான்னு ஏன் நெனைக்கிறீங்க? ஏற்கெனவே களைச்சுப் போயிருந்திருக்கலாம்” என்றார்.

“இருக்கலாம் டீச்சர். நான் முடிவு தேடிக்கிட்டிருந்தேன். அவரும் தேடிக்கிட்டிருந்திருக்காரு. நான் கொண்டுபோய்க் கையில குடுத்துட்டேன்.”

கீழே சைக்கிள் கடையில் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. நீல இடியாப்பத்தின் மூடியில் நீர் கோத்திருந்தது.

“அவருகிட்ட என்னதான் சொல்லப் போறீங்க, அக்கா?” என்றான் வாசு.

“கதை சொல்லமாட்டேன். ஓடத்துல எறங்குனாங்கல்ல, வீரம்மாம்மா எல்லாம்? அவங்கள அடுத்து எங்க கொண்டுபோறதுன்னு எனக்குத் தெரியல. நெசமாவே தெரியல. நான் வண்டியே ஓட்டுனதில்ல. நீங்கதான் ரூட்டு தெரிஞ்சவரு, செவ்வாய்க்கிழமை வந்து அந்த நாற்காலியில உக்காந்து சொல்லுங்க, நான் கேக்கறேன்னு சொல்லப்போறேன்.”

தன் கதையின் அடுத்த கட்டத்தை அவர் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

குமுதா நாகையாவின் கைப்பேசிக்கே அழைத்தார். சத்தத்தைக் கூட்டி மேசை நடுவில் வைத்தார். மணி போனது. ஒருவரும் எடுக்கவில்லை. நின்றது. மறுபடியும் அழைத்தார். தகரக் கூரைக்குக் கீழே நண்பகல் வெக்கை ஏறியிருந்தது. தலைக்கு மேல் பழைய மின்விசிறி கடகடத்தது. ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டார். ரவாங்கில் எங்கோ ஓர் அறையில், எட்டும் தூரத்திலோ எட்டாத தூரத்திலோ, அந்தக் கைப்பேசி அடித்துக்கொண்டிருந்தது.

குமுதா எழுந்தார். சுவரோரம் நடந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். இறக்கைகள் சுழன்று ஓய்ந்ததும், அந்தப் பக்கம் யாராவது மூச்சு விட்டால்கூடக் கேட்கும் அமைதி வந்தது. வியர்வை வழிய, மேசை மேல் குனிந்து நின்றார். மணி இன்னும் போய்க்கொண்டிருந்தது.