பவித்ராவின் பழைய வாங்கு

நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். கணவர் இறந்தபின் மகள் பவித்ராதான் என் துணை. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் அவளை எங்கே சேர்ப்பது என்று தவித்தேன். அவள் அதுவரை படித்த தோட்டப் பள்ளி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அங்கே கணக்கு ஆசிரியர் யாரும் நிலைப்பதில்லை. பண்டாரவளை சர்வதேசப் பள்ளி எனக்கு எட்டாது. பதுளையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் நல்ல படிப்பு, விடுதியும் உண்டு. அங்கேயே சேர்த்தேன்.

போன ஐப்பசியில் ஒரு பிற்பகல், மண் சரியப்போகிறது, எல்லோரும் தோட்டப் பள்ளிக்குப் போங்கள் என்றார்கள். தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நானோ எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்கு ஓடி, "பாப்பா! பாப்பா!" என்று கத்தியபடி வீட்டுக்குள் தேடினேன். பக்கத்து வீட்டுச் செல்வி என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"அக்கா, பாப்பா பதுளையிலதானே இருக்கு! வாங்க!"

நாங்கள் படி இறங்குவதற்குள் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு மண் அடுப்படிக்குள் வந்துவிட்டது.

அன்று பள்ளியில் எல்லோர் மடியிலும் ஒரு பிள்ளை. நான் பிள்ளைகள் உட்காரும் மர வாங்கு ஒன்றில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன். மூன்று பள்ளிகளையும் அத்தனை அலசியவள், அவள் இல்லாத வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்று யோசிக்கவே இல்லை.

இப்போதெல்லாம் மழை வலுத்தால், யாரும் சொல்லுமுன்பே தோட்டப் பள்ளிக்குப் போய்விடுகிறேன். அங்கிருந்து விடுதிக்குப் போன் செய்வேன்.

"அம்மா, எங்க இருக்கீங்க?"

"ஒன்னோட வாங்குலதான் பாப்பா, ஒக்காந்திருக்கேன்."