திரிகைக்கு முன் உட்கார்ந்த தாய்மாமன்

விளாங்குடி நல்லகாமனைப் போல இன்னொரு மனுஷன் அந்தப் பக்கத்தில் பிறக்கவில்லை. ஒற்றை மாட்டோடு தொடங்கி, சிம்மக்கல் கடைகளுக்கு மூட்டை ஏற்றிப்போய், நாலு பாரவண்டி சேர்த்தவர். எழுத்து வாசனை கிடையாது. ஆனால் மூட்டையைத் தூக்கிப் பார்த்து அவர் சொன்ன எடையைத் தராசு மறுத்ததில்லை.

அப்பேர்ப்பட்டவரை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் முடக்குவாதம் கட்டிலில் சாய்த்தது. பார்க்க வந்தவரெல்லாம், "கால அசைக்காதீக" என்றார்கள். எட்டு மாதம் எண்ணெய் தடவிக்கொண்டு கிடந்தார். கிடக்கக் கிடக்க முழங்கால் மடங்கவே மறந்துவிட்டது.

தங்கச்சி அழகம்மாள் மகளுக்கு வைகாசியில் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். சம்மணம் போட்டால்தானே மடி? சேதி சொல்ல அவளோடு வந்த சித்தப்பா மகன் விருமாண்டி, "அண்ணே, நீ கட்டில்லயே இரு. பிள்ளைய நான் வச்சுக்கிறேன். நானும் மாமன்தான?" என்றான்.

"நான் இன்னும் சாகலடா!" என்று கத்தினார் நல்லகாமன்.

மறுநாளே மனைவி சீனியம்மாள் அவரை வண்டியில் ஏற்றி, சிம்மக்கல் வைத்தியரிடம் கொண்டுபோனாள். "இது விட்டுப்போற நோயில்ல. ஆனா தினமும் கொஞ்சங்கொஞ்சமா மடக்கி நீட்டினா சொன்னபடி கேக்கும். வீங்குன அன்னைக்கு மட்டும் விட்டுரு" என்றார் அவர்.

இரண்டு நாள் மடக்கிப் பார்த்துவிட்டு, வலி தாங்காமல் விட்டுவிட்டார் நல்லகாமன். மூன்றாம் நாள் சீனியம்மாள் நடுவீட்டில் மாவரைக்கும் திரிகைக் கல்லைப் போட்டு, கேழ்வரகைக் கொட்டினாள்.

"எனக்கு எதுத்தாப்ல உக்காருங்க."

"பொம்பள வேலையா? ஊரு சிரிக்கும் புள்ள."

"கதவச் சாத்தியாச்சு. சிரிக்க நான் ஒருத்திதான் இருக்கேன்."

மூன்று சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் உட்காரவைத்தாள். ஒரே பிடியில் இரண்டு பேர் கை. அவள் சுற்றினாள், அவர் சும்மா பிடித்திருந்தார். வலியில் வாய்க்கு வந்தபடி ஏசினார். "ஏசிக்கிட்டே சுத்துங்க" என்றாள். வாரம் போகப் போகச் சாக்கை ஒவ்வொன்றாக உருவினாள். உட்காரும் உயரம் குறையக் குறைய முழங்கால் தானாக மடங்கியது. வீங்கின நாளில் திரிகையைத் தொடவிட மாட்டாள்.

பக்கத்து வீட்டு ராமக்காள் வெளியே நின்று, "என்ன சீனியக்கா, எம்புட்டு மாவு! பந்தி போடப்போறியா?" என்பாள்.

"வீட்ல யானை கட்டியிருக்கேன்ல!"

உள்ளே அந்த யானை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

ஒருநாள் குனிந்து பார்த்தார். அவள் கை பிடியில் சும்மா கிடந்தது. கல் அவர் பலத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

"நாலு நாளா இப்படித்தான்" என்றாள் சீனியம்மாள்.

அரவை மில் வந்து எத்தனையோ வருஷம் கழித்தும் அந்த மூன்று மாதத்தைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவளோடு முகம் பார்த்து அம்புட்டு நேரம் உட்கார்ந்து பேசியது அப்போதுதானாம்.

காதுகுத்து அன்று விருமாண்டி புதுத்துண்டு போட்டுத் தயாராக நின்றான். நல்லகாமன் கம்பை ஊன்றி வந்தார். வலதுகாலை மடக்கினார், இடதுகாலைக் கையால் இழுத்துச் சேர்த்தார். பிள்ளை மடியில் வந்து உட்கார்ந்தது. ஆசாரி குத்தினார். பிள்ளை வீறிட்டு மாமன் மீசையைப் பிடித்து இழுத்தது. குலவை எழுந்தது.

எல்லாரும் எழுந்தார்கள். அவரால் எழ முடியவில்லை. விருமாண்டி ஓடிவந்து கையை நீட்டினான்.

"நீ தள்ளுடா. இந்தக் கால மடக்கிவிட்டவ அவ. நிமித்தவும் அவதான் வரணும்" என்று சபை கேட்கச் சொன்னவர், பெண்கள் பக்கம் திரும்பி, "ஏ புள்ள சீனி!" என்று கூப்பிட்டார்.

"மெதுவாக் கூப்பிட்டா என்னவாம்" என்று முனகிக்கொண்டே வந்தவள், அவர் கக்கத்தில் கைகொடுத்தாள். அத்தனை பேர் முன்னிலையிலும் அவள் தோளில் முழுப் பாரத்தையும் சாய்த்து எழுந்தார் நல்லகாமன்.