பலகையில் அம்மாவின் எழுத்து

எழுத்தறிவு பற்றிய சொந்த அனுபவத்தை நூலக மலருக்கு எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். கல்வியின் சிறப்பைச் சொல்லித் தொடங்கினேன், எனக்கே பிடிக்கவில்லை. அப்போது பக்கத்து வீட்டு கேட்டுக்கு அடித்த புதுச் சாயத்தின் வாசனை வந்தது.

நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்குச் சற்று முன்பு, நாங்கள் இருந்த காஜா பெராங் வட்டாரத்தில் அப்பாவின் சலவைக் கடைக்குப் புதுப் பலகை மாட்டினார்கள். கஞ்சி மணக்கும் வாசலில் நின்று அப்பா அதை ஒரே மூச்சில் வாசித்தார். மாலை வகுப்பில் அப்போதுதான் எழுத்துக்கூட்டப் பழகியிருந்த அம்மா, ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“என்னாங்க, ‘சலவ’ன்னுல்ல இருக்கு? ‘வை’யக் காணோமே!”

பலகை எழுதிய சீனருக்குத் தமிழ் தெரியாது, தாளில் கொடுத்ததைப் பார்த்து வரைந்திருந்தார். சிரித்துக்கொண்டே தூரிகையை அம்மாவிடம் நீட்டினார். அம்மா முக்காலியில் ஏறி, ‘வ’வுக்கு முன்னால் இருந்த சின்ன இடைவெளியில் விட்டுப்போன கொம்பை எழுதினாள்.

“கோணலா இருக்குலா,” என்றார் வெளுத்த துணியைத் திரும்ப வாங்க வந்தவர்.

“இருக்கட்டும்லா. அது என் வீட்டுக்காரி எழுதுனது!” தெருவுக்கே கேட்கும்படி சொன்னார் அப்பா.

அந்தப் பலகையிலிருந்தே கட்டுரையைத் தொடங்கினேன். முடிவில் ஓர் அறிவுரை வைக்கத் தோன்றியது, வைக்கவில்லை. அப்பா சொன்னதற்கு மேல் நான் என்ன சொல்லிவிட முடியும்?