சாலிசிலிக் அமிலமும் என் தோலும்

மருந்துக் கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்பவனை ஊர் பாதி டாக்டராகவும் பாதி மளிகைக்காரராகவும் பார்க்கும். அந்த இரண்டு பேருக்கும் கிடைக்கிற மரியாதையில் பாதிகூட எனக்குக் கிடைத்ததில்லை. புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் பதினெட்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். என்னைப் போலவே கால் கடுக்க நின்று பேச்சு வாங்கும் சக பாவிகளே, உங்களுக்காக நான் பட்டதில் கொஞ்சம் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே சரக்கு: சாலிசிலிக் அமிலமும் அதன் சொந்தபந்தமும்.

ஆசிட் என்று ஏன் சொன்னேன்

கடை திறந்த முதல் மாதம். கல்லூரிக்குப் போகும் மகளுக்குப் பருவென்று ஒரு அம்மா சீட்டோடு வந்தார். இரண்டு சதவீத சாலிசிலிக் ஜெல். எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். பி.ஃபார்ம் படித்த வாய் சும்மா இருக்குமா? "இதுல சாலிசிலிக் ஆசிட் இருக்கு. செத்த செல்லுங்களை ஒட்டி வச்சிருக்கிற பசையை இது இளக்கிடும். எண்ணெய்ல கரையும், அதனால அடைச்சுக்கிட்ட துவாரத்துக்குள்ளயே போய் சுத்தம் பண்ணும்" என்று விளக்கினேன். அந்த அம்மா கையிலிருந்த டியூபைத் தேள் மாதிரி கவுண்டரில் போட்டார்.

"ஆசிடா? பொண்ணு மூஞ்சிக்கா?"

பயப்பட ஒன்றுமில்லை, தயிரில் ஆசிட் இருக்கிறது, புளியில் இருக்கிறது, எலுமிச்சம்பழத்தில்கூட இருக்கிறது என்று அடுக்கினேன். அவர் முகம் தெளிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபடியே சொன்னார்: "அப்ப எலுமிச்சம்பழமே தேச்சிக்கச் சொல்றேன் பாய். அது வீட்லயே இருக்கு."

மாப்பிள்ளை முகம்

அடுத்த வருஷம் எனக்கு நிக்காஹ் நிச்சயமானது. ஆறு நாள் இருக்கும்போது கன்னத்தில் நாலு பரு. ஊருக்கெல்லாம் இரண்டு சதவீதம் விற்கிறவன், தோல் டாக்டர்கள் கிளினிக்கில் வைத்து உரிக்கிற முப்பது சதவீதக் கரைசலை எடுத்தேன். பதினைந்து மடங்கு சரக்கு பதினைந்து மடங்கு அழகு தரும் என்பது என் கணக்கு. டாக்டர் என்றால் சில நிமிஷம் வைத்துத் துடைத்துவிடுவார். நான் பூசிக்கொண்டு டிவியில் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தேன். கடைசி ஓவர் முடிகிற வரைக்கும் எரிச்சலை ஆட்டத்தின் விறுவிறுப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முகம் தக்காளி. மூன்றாம் நாள் பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்வது போல உதிர ஆரம்பித்தது. எங்கள் தெருவில் யாரிடமும் காரணம் சொல்ல முடியவில்லை. சொன்னால் கடைக்கு யார் வருவார்கள்? நிக்காஹ் அன்று போட்டோக்காரர் என்னைப் பக்கவாட்டில் நிறுத்தி நிறுத்தியே எடுத்தார். எல்லாரும் போனபிறகு என் மனைவி முதன்முதலாக என்னை நேராகப் பார்த்து, நிஜமான சந்தேகத்தோடு கேட்டாள்: "எங்க வீட்டுக்கு அனுப்பின போட்டோவுல இருந்தது உங்க தம்பிங்களா?"

கால் ஆணி

இது சிரிக்கிற சங்கதி இல்லை. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஏலம் எடுத்து மார்க்கெட்டில் மீன் விற்கும் அஞ்சலையம்மா, நின்று நின்று கால் ஆணி வந்துவிட்டதென்று பிளாஸ்திரி கேட்டார். நடுவில் நாற்பது சதவீத சாலிசிலிக் அமிலம் வைத்த சின்ன வட்டம் அது. கடையில் கூட்டம். எடுத்து நீட்டினேன். "சுகர் இருக்காம்மா?" என்ற இரண்டு வார்த்தை என் வாயில் வரவில்லை.

ஐந்தாம் நாள் விந்தி விந்தி வந்தார். பிளாஸ்திரி ஆணியிலிருந்து நழுவி நல்ல தோலில் ஒட்டியிருக்கிறது. பத்து வருஷச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சியே இல்லை. புண் ரூபாய்க் காசு அளவு, ஓரமெல்லாம் வெள்ளை. ஷட்டரை இறக்கிவிட்டு ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். "இன்னும் நாலு நாள் விட்டிருந்தா விரலை எடுத்திருக்கணும். யார் இதைக் குடுத்தது?" என்றார் டாக்டர். "நான்தான் சார்" என்றேன். அதற்கு மேல் அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது; ஒரு சொல்லும் தப்பில்லை.

புண் ஆற ஒன்றரை மாதம் ஆனது. கட்டு மாற்றப் போகும்போதெல்லாம் கூடப் போனேன். கடைசிக் கட்டு பிரித்த அன்று அஞ்சலையம்மா திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் சொன்னார்: "எங்கிட்ட வர்றவங்க செவுளைத் தூக்கிப் பாக்காம ஒரு மீன் வாங்க மாட்டாங்க தம்பி. நீ இன்னா, என் காலைப் பாக்காமலே குடுத்துட்டியே."

வினிகர் வாசனை

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இதயத்துக்குத் தினம் ஒரு ஆஸ்பிரின் போடுகிறவர். ஆஸ்பிரின் என்பது அசிட்டிக் அமிலத்தோடு கைகோத்த சாலிசிலிக் அமிலம்தான். அட்டையைப் பிரிக்கக் கை நடுங்குகிறதென்றார். நான் உடனே தர்மவானாகி, இரண்டு மாத மாத்திரையையும் உதிர்த்து ஒரு பாட்டிலில் போட்டுக் கொடுத்தேன்.

மழைக்காலம். அவர் பாட்டிலை அடுப்புப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். ஒரு நாள் கொண்டுவந்து, "முசியே, இது வினிகர் வாசனை அடிக்குது" என்றார். பிரெஞ்சுப் பழக்கம், ஐயாவுக்குப் பதில் அவருக்கு முசியேதான். உங்கள் மூக்குக்கு வயதாகிவிட்டது என்று சொல்லியபடி மூடியைத் திறந்தேன். ஓட்டல் சாலட் தட்டு மாதிரி மணந்தது. ஈரம் பட்டு ஆஸ்பிரின் பழையபடி இரண்டாகப் பிரிந்துபோயிருந்தது. ஒன்று மணக்கும், மற்றது வயிற்றை அரிக்கும். மாத்திரைகளைக் கொட்டிவிட்டுப் புது அட்டை கொடுத்து, கூடவே இந்த ரசாயனத்தையும் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு எழுந்தார். "இனிமே கை நடுங்கினாலும் நானே பிரிச்சுக்கிறேன் முசியே. நீங்க உதவி மட்டும் பண்ணாதீங்க."

கேஸ் மாத்திரை

போன கோடையில் தட்டாஞ்சாவடி லேத் பட்டறைக்காரர் ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்து கேஸ் மாத்திரை கேட்டார். சட்டை வேர்வையில் ஊறியிருந்தது. இடது கை இழுக்கிறதென்றார். இந்த முறை விளக்கவில்லை, கேட்டேன்: ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதா, வயிற்றுப்புண் உண்டா, ரத்தம் போகிறதா? இல்லை, இல்லை, இல்லை. ஒரு ஆஸ்பிரினை மென்று முழுங்கச் சொல்லிவிட்டு, அவர் கத்தக் கத்த ஆட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு வந்த ஆள் முதலில் என்னைத்தான் பிடித்து உட்கார வைத்தார். நோயாளி நான்தான் என்று நினைத்துவிட்டாராம்.

மாரடைப்புதான். நேரத்துக்கு வந்ததால் பிழைத்தார் என்றார்கள். பத்து நாள் கழித்து மனைவியோடு கடைக்கு வந்தார். நன்றி சொல்வார் என்று கையைத் துடைத்துக்கொண்டு தயாரானேன். அவர் நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்து, என்னை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னார்: "அன்னிக்கு நான் கேட்டது கேஸ் மாத்திரை பாய். இன்னும் குடுக்கல நீங்க."

பதினெட்டு வருஷத்தில் நான் தெளிவாகக் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: முறையாகப் போட்டால் சாலிசிலிக் அமிலம் செத்த தோலை மட்டும்தான் உரிக்கும், மிச்சத்தை உரிக்கத்தான் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள்.